‘வுட் ஹேவ்’ சொல்லக் கூடாத வீடு

துக்கம் விசாரிக்க வந்த ஒரு பெரியவரின் ஆங்கிலத்தை அவர் முகத்துக்கு நேராகத் திருத்திய ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். பெரியவர் என் மாட்டுங்கா மாமா. துக்கம் என் தங்கையுடையது. அவள் புருஷன் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூடத்தில் பாய் மேல் உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, அழுகையும் இல்லை. ஒரே ஒரு ஆங்கில வாக்கியத்தை மட்டும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது: “இஃப்புக்குப் பின்னால வுட் ஹேவ் வராது சார்.”

நான் சாதுவான மனிதன். வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை. கோபப்படுவதெல்லாம் வாடிக்கையாளர்களின் இலாகா. வாங்கிக்கொள்வதுதான் எங்கள் இலாகா. அன்று எனக்கே வந்துவிட்ட கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் பால்கனிக்குப் போய்த் துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஜூலை மாதம். தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

செம்பூரில் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவரை ‘மிஸ்’ என்பார்கள். நான் ‘அக்கா’ என்பேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் கடிதங்கள் டிராஃப்ட் பண்ணும் பிரிவில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், வெளிநாடு போகப் பரீட்சை எழுதும் நர்சுகளுக்கும் இஞ்சினியர்களுக்கும் இங்கிலீஷ் வகுப்பு எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியமும் சரியான டென்ஸும் கட்டடத்தில் ஒரே ஆளிடம் சேர்ந்து அமையவில்லை.

அவரிடம் எனக்கு ஆன அறிமுகமே அவமானத்தில்தான் தொடங்கியது. புதிதாகக் குடிவந்திருந்தேன். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் இந்தியில் ‘கித்னா பாரிஷ்’, எவ்வளவு மழை என்பேன். அவரும் ‘பகுத்’, ரொம்ப என்பார். ஒருநாள் போனில் யாரையோ சுத்தமான திருநெல்வேலித் தமிழில் ஏசிக்கொண்டே லிஃப்டுக்குள் வந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். நான் பட்டதாரி என்பதும் அவருக்குத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில், “இஃப் ஐ வுட் ஹேவ் நோன் யூ ஆர் எ டமிலியன், ஐ வுட் ஹேவ் ஸ்போக்கன் இன் டமில்” என்றேன்.

எங்களுடையது கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட். கதவைச் சாத்தினால்தான் நகரும். அவர் பாதி சாத்திய கதவைப் பிடித்தபடி நின்றார்.

“இஃப் ஐ ஹேட் நோன்” என்றார்.

“என்ன?”

“வுட் ஹேவ் ரெண்டாவது பாதிக்குத்தான் தம்பி. ரெண்டு பக்கமும் அதையே போட்டா, பொண்ணு வீட்டுக்காரங்களும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் ஒண்ணா பந்தியில உக்காந்த மாதிரி. பரிமாற ஆளு வேண்டாமா?”

நான் திருத்திச் சொல்லும்வரை கதவு மூடப்படவில்லை. மேலே யாரோ, கீழே யாரோ, லிஃப்ட் கேட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். படித்தோ ஷெல்ஃபில் அடுக்கியோ சேர்த்த என் அத்தனை ஆங்கிலப் புத்தகங்களும் அந்த நிமிஷம் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. பெரும்பாலானவை அடுக்கியவை என்பதால் அவற்றுக்குச் சிரிக்கப் பொழுது இருந்தது.

நியாயமாகப் பார்த்தால் இந்தத் தொல்லை நமக்குக் கிடையாது. மழை பெய்தால் குடை எடுப்பேன் என்கிறோம். லாட்டரி விழுந்தால் மாட்டுங்காவில் வீடு வாங்குவேன் என்றும் சொல்கிறோம். தமிழைக் கேட்டால் இரண்டும் ஒரே மாதிரி நடக்கப்போகிற காரியங்கள். வெள்ளைக்காரன் அப்படி விடுவதில்லை. நடக்கக்கூடியது என்றால் ஒரு டென்ஸ், நடப்பது சந்தேகம் என்றால் இன்னொன்று, நடக்காமல் முடிந்தேபோய்விட்டது என்றால் மூன்றாவது. மனிதனின் ஆசையைத் தரம் பிரித்து ரேஷன் கடைபோல மூன்று க்யூவில் நிறுத்தியிருக்கிறான். நாம் மூன்று க்யூவிலும் ஒரே சமயத்தில் நின்று தள்ளுகிறோம். அதற்கு இந்த அம்மாள் ஏன் போலீஸ்காரர் வேலை பார்க்க வேண்டும் என்பதுதான் என் வெகுநாள் ஆத்திரம்.

ஒருமுறை அவரை மடக்கிவிட்டதாகவே நினைத்தேன். இஃப் இருக்கும் வீட்டில் வுட்டுக்கு இடமே கிடையாது என்றால், ‘இஃப் யூ வுட் கைண்ட்லி சிட் டவுன்’ என்று பெரிய பெரிய கம்பெனியெல்லாம் எழுதுகிறதே, அது எப்படி என்று கேட்டேன். இதற்காக ஒரு வாரம் தயார் செய்திருந்தேன். அவர் காய்கறிப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். “அது டென்ஸ் இல்ல தம்பி, மரியாதை. மரியாதைக்கு எந்த வீட்டுலயும் எடம் உண்டு” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். நான் லிஃப்டில் போனேன். அவர் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. ஆள் என்ன சொல்கிறான் என்று கேட்கமாட்டார்; எந்த டென்ஸில் சொல்கிறான் என்று கேட்பார். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று ஒரு பில்டரின் ஆள், ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி மீட்டிங்குக்கு வந்தான். கோட்டு, மடிக்கணினி, திரையில் நீச்சல் குளம். ‘இஃப் யூ சைன், எவ்ரி ஃபேமிலி வுட் கெட் ஒன் எக்ஸ்ட்ரா ரூம்’ என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புத்தகங்களுக்கென்று ஓர் அறை! இவர் பின்வரிசையில் எழுந்து நின்று, முதலில் தமிழில் எனக்கும் பிறகு இந்தியில் சபைக்கும் விளக்கினார்: “கையெழுத்துப் போட்டா வில் கெட்னு சொல்லணும். இவரு வுட் கெட்னு சொல்லுதாரு. இவருக்கே நம்பிக்கை இல்லாத ரூமுல நம்ம எப்படிப் போய் இருக்க?” சபை சிரித்தது. செக்ரட்டரி, லஃப்டா வேண்டாம் மிஸ், வம்பு எதற்கு, உட்காருங்கள் என்று இந்தியில் கெஞ்சினார். பில்டரின் ஆள் திரையைச் சுருட்டிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. அவன் போனதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிற்பாடு வேறொரு பில்டர் வந்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் வில் போட்டுப் பேசி, கட்டடத்தை இடித்தும் விட்டான். நாங்கள் மூலைக்கொருவராக வாடகை வீடுகளில் சிதறினோம். அக்கா வடாலா பக்கம் போனதாகக் கேள்வி. அந்த வில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இனி என் தங்கையின் வீட்டுக்கு வருகிறேன். எங்களுக்குக் கீழ் மாடிதான் அவள்.

மாப்பிள்ளை விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் இருந்தார். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகச் சாப்பிடுவார். அன்று பெருமழை என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தவர், நெஞ்சுக்குள் எரிகிறது என்றிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் நெஞ்சுவலி என்று ஒன்று கிடையாது. கழுத்துக்குக் கீழே இடுப்புக்கு மேலே எது வலித்தாலும் அது வாயு. பரம்பரை பரம்பரையாக நாங்கள் வாயுவிலேயே செத்திருக்கிறோம். அவரும் வாயு என்றார். அவளும் வாயு என்று பெருங்காயம் கரைத்த மோரைக் கொடுத்துச் சோபாவில் படுக்க வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிக் காரில் போட்டு, தெருவெல்லாம் தேங்கிய தண்ணீரில் நீந்தாத குறையாக ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த இளம் டாக்டர் நாடி பார்த்துவிட்டு, தன் செல்போனையும் பார்த்துவிட்டு, “இஃப் யூ வுட் ஹேவ் ப்ராட் ஹிம் ஹாஃப் அன் அவர் பிஃபோர்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். மிச்சத்தை அவன் சொல்லவில்லை. அடுத்த வார்டில் கூப்பிட்டார்கள், போய்விட்டான்.

தங்கை அந்தப் பாதி வாக்கியத்தை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். டாக்டர் சொன்ன அதே ஆங்கிலம், அதே இழுப்பு. குளிக்கும்போது சொன்னாள். என் மனைவி சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் அந்த வாய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. இவளையும் இழந்துவிடுவோமோ என்று நாங்கள் பயந்துபோனோம்.

இந்த நிலையில்தான் விசாரிப்பு தொடங்கியது.

துக்கம் விசாரிப்பது என்று நம்மவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்களே, அதைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. வருகிறவரை ‘வாங்கோ’ என்று கூப்பிடக் கூடாது. போகிறவர் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. இவ்வளவு நாசூக்காக இரண்டு முனையிலும் நாக்கைக் கட்டிவைத்த முன்னோர்கள், நடுவில் ஏன் அதை அவிழ்த்துவிட்டார்கள்? உட்கார்ந்ததும், “எப்படி ஆச்சு?” தாலி போனவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். என்ன சாப்பிட்டார், எப்போது எரிந்தது, என்ன கொடுத்தாய், எத்தனை மணிக்குத் தூக்கினீர்கள். போலீஸ்காரன்கூட வாக்குமூலத்தை ஒருமுறைதான் வாங்குவான். இவர்கள் ஆளுக்கொரு முறை வாங்கினார்கள். அவள் முடித்ததும் கண்ணை மூடி, தலையை ஆட்டி, தம் பங்கை எடுத்து வைத்தார்கள். உலகத்தில் ஒவ்வொருவரிடமும் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே கொண்டுபோயிருந்தால். ஒவ்வொருவருக்கும் சரியான நேரத்தில் மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்த ஒரு கஸின் இருக்கிறான். அப்படி வைத்திருந்தால். “மோரா குடுத்தே?” என்று ஓர் அத்தை கேட்டாள். விஷமா கொடுத்தாய் என்று கேட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். சொல்லிவிட்டு எழுந்து, விடைபெறாமல் சாஸ்திரப்படி போனார்கள். லிஃப்டில் இறங்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு சுமை குறைந்த தெளிவு. இருக்காதா? சுமையைக் கூடத்துப் பாயில் வைத்துவிட்டல்லவா போகிறார்கள்.

அக்கா இரண்டாம் நாள் வந்தார். யாரும் கூப்பிடவில்லை. வாசலோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே வருகிற எவரும் தன் முழங்காலில் இடிக்காமல் போக முடியாதபடி உட்கார்ந்தார். காலையில் வருவார், வகுப்பு நேரத்துக்குக் கிளம்புவார். எங்கள் உறவுக்காரர்கள் சாவு, சம்பளம், சர்க்கரை வியாதி மூன்றையும் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள் என்பதால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

மாட்டுங்கா மாமா வந்தது அப்போதுதான். மத்திய சர்க்காரில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். தன் பேட்டை இட்லியும் தன் ஆங்கிலமும் உலகத்தரம் என்பது அவர் கொள்கை. தங்கையிடம் முழுக்கதையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்ணை மூடினார். “இஃப் ஹி வுட் ஹேவ் பீன் டேக்கன் இம்மீடியட்லி…” என்று ஆரம்பித்தார். அங்கேதான் நான் முதலில் சொன்ன அந்தக் குரல் வந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். “எக்ஸ்க்யூஸ் மீ?”

“ஹேட் பீன் டேக்கன். வுட் ஹேவ் அங்ஙன வராது. முப்பது வருஷம் கடுதாசி டிராஃப்ட் பண்ணினவ சொல்லுதேன் சார், பார்த்துக்கிடுங்க.”

மாமா விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. தான் படித்த பள்ளிக்கூடத்தைச் சொன்னார். தன் ஹெட்மாஸ்டர் வெள்ளைக்காரரிடம் படித்தவர் என்றார். தான் எழுதிய நோட்டுக்கு ஒரு செயலாளரே திருத்தப் பேனா எடுக்கவில்லை என்றார். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப்போட, அக்கா ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் சொன்னார். எல்லாம் ஹார்பர் லைன் ரயில் வந்திருந்தால், வராமலிருந்திருந்தால் என்கிற ரகம். மாமாவின் குரல் ஏறியது. பிரஷர் ஏறியது. எதற்காக வந்தோம் என்பது மறந்தேபோய், எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டியவர், வெறி தணியாமல், “போயிட்டு வரேன்” என்று உரக்கச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். வீடு கப்சிப். நான்தான் துளசிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

அன்று அக்கா கிளம்பியதும் பின்னாலேயே போய்ப் படிக்கட்டில் நிறுத்தினேன். சாவு வீட்டில் வகுப்பு எடுப்பதற்கு ஒரு வெட்கம் வேண்டும் என்றேன். என் தங்கை உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத நிலையில் உங்களுக்கு டென்ஸ் கேட்கிறதா என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். ஒத்திகை பார்த்த வசனங்கள் என்பதால் தடங்கல் இல்லாமல் வந்தன.

அவர் முழுவதும் கேட்டார். திருத்தவில்லை. பிறகு அவருக்குக் கோபம் வந்தது. என்னுடையது அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

“அந்த ஆளு என்ன சொல்ல வந்தாருன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? முடிக்க விட்டிருக்கணுமோ? நீங்க பக்கத்துலதான நின்னிய. வாயைத் தொறந்தியளா?”

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போதும்.

“வாரவன் போறவன் எல்லாம் அந்தப் பிள்ள மடியில ஒரு கொலையைப் போட்டுட்டுப் போறான். அவனுவளை அடிக்க என்கிட்ட கம்பா இருக்கு? இந்த இலக்கணந்தான் இருக்கு. அதை வச்சு வாயை அடைக்கேன்.”

ஒரு படி இறங்கினார். மறுபடி திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

“தாராவில எங்க வீட்டுக்குப் பின்னால நாலா, பெரிய சாக்கடை, ஓடும். எந்தம்பிக்கு ரெண்டு வயசு. மழைத் தண்ணி கொண்டுபோயிட்டு. அம்மை அடுப்படியில இருந்தா. கதவைச் சாத்தியிருந்தா, கதவைச் சாத்தியிருந்தான்னு வந்தவ எல்லாம் சொன்னா. அதுக்குப் பொறவு எங்கம்மை சாவுற வரைக்கும் அந்தக் கதவைத் தொறக்க விடல, தம்பி. மே மாச வெக்கையிலயும். நாங்க உள்ளயே வெந்தோம்.”

கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“ஹேட் போட்டுப் பாருங்க. நடக்கல, முடிஞ்சு போச்சுன்னு அதுலயே இருக்கு. வுட் ஹேவுன்னா அந்தப் பிள்ளைக்கு இன்னும் எழுந்து போய்ச் செஞ்சிரலாம்னு தோணும். அதான் தூங்காம உக்காந்திருக்கா. அந்த டாக்டர் பயலைப் பார்த்தா நான் விட மாட்டேன்.”

இது இலக்கணமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எந்தப் புத்தகத்திலும் இப்படிப் போட்டிருப்பதாக நான் பார்க்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வாசலில் அவர் முழங்கால் தட்டுப்பட்டவுடன் விருந்தாளிகள் தமிழுக்கு மாற ஆரம்பித்தார்கள். அது அவருக்குச் சற்றுச் சங்கடமாகவே இருந்தது. தமிழில் ‘அன்னிக்கே’ என்று ஆரம்பித்தவர்களிடம், உங்களுக்கு பிரஷர் எப்படி இருக்கிறது என்று கேட்டுவைத்தார். எங்கள் உறவில் அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தத் துக்கமும் நிற்காது. இப்படியே காரியங்கள் முடிந்தன. கூட்டம் வடிந்தது. வாசலை அவர் காத்துவிட்டார். ஆனால் தங்கையின் உதடு மட்டும் நிற்கவில்லை. விசாரிக்க ஆள் இல்லாத குறையை அவளே தீர்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம். வீட்டில் அவள், அக்கா, நான். வெளியே அதே மழை. தங்கை பாயிலிருந்து தலையைத் தூக்காமல், அத்தனை நாளில் முதல் தடவையாகத் தமிழில் சொன்னாள்:

“அக்கா, நான் அப்பவே கீழே போய் ஒரு ஆட்டோ பிடிச்சிருந்தா…”

நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. தமிழில் அந்த வாக்கியத்தைத் தப்பாகச் சொல்லவே முடியாது. எழுத்துக் கூட்டத் தெரியாதவன்கூட அதைச் சுத்தமாகச் சொல்வான். பிரஷரைப் பற்றி இவளிடம் கேட்க முடியாது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பாயில், அவளெதிரே, முழங்கால் மடமடவென்று சொடுக்க உட்கார்ந்தார்.

“புடிச்சிருந்தா?” என்றார்.

தங்கை நிமிர்ந்தாள். வந்து போன அத்தனை பேரில் அவளை அந்தக் கேள்வி கேட்டவர் ஒருவர்கூட இல்லை. எல்லோருக்கும் விடை தெரிந்திருந்தது.

“பிழைச்சிருப்பார்.”

“அது கடைசியில. மொதல்ல இருந்து சொல்லு பிள்ள. மழை கொட்டுது. நீ கீழ எறங்குத. அவரு எங்க இருக்காரு?”

“சோபாலே.”

“கூட யாரு?”

அவள் பாயின் கோரையைப் பிய்த்தாள். “அக்கா, போதும்” என்றேன். என்னைப் பார்க்காமலே கையை உயர்த்தினார். வகுப்பில் பேசுகிறவனுக்குக் காட்டுகிற கை.

“யாரும் இல்லை” என்றாள் தங்கை. “கேட்டு வாசல்ல முழங்கால் தண்ணி. ஆட்டோ ஒண்ணும் ஓடலை. நான் அங்கே நின்னு கையை ஆட்டிண்டு இருந்திருப்பேன். அவர் மேலே தனியா…”

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“என் கையைப் பிடிச்சுண்டிருந்தார் அக்கா. மோரைக் குடிச்சுட்டு, உப்பு ஜாஸ்தின்னார். இந்த நேரத்துலேயும் நாக்கு கேக்கறதான்னேன். சிரிச்சார். அவ்வளவுதான்.”

எத்தனையோ பேருக்கு முதலிலிருந்து கடைசிவரை சொன்ன கதை அது. அதில் இந்தக் கையும் வந்ததில்லை, இந்த உப்பும் வந்ததில்லை. வந்தவர்களுக்கு வேண்டியிருந்ததெல்லாம் மணி என்ன, ஆஸ்பத்திரி எது என்பதுதான்.

ஏதாவது பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நான் அக்காவின் வாயைப் பார்த்தேன்.

“ரொம்பப் போட்டுட்டியோ?” என்றார்.

“கொஞ்சம் போட்டுட்டேன்” என்றாள் தங்கை. சிரிப்பு மாதிரி ஒன்று கிளம்பி, பாதியில் உடைந்து, அழ ஆரம்பித்தாள். புருஷன் போனதிலிருந்து அவள் அழுதது அதுதான் முதல். அக்கா தடுக்கவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை. ஆட்டோ ஓடாத மழையைப் பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மாமா போன் செய்தார். தங்கை ரசம் சாதத்தைத் தானே பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். சிரார்த்தம் செய்கிற சாஸ்திரிகள், பிராவிடண்ட் ஃபண்ட், பாங்க் நாமினி எல்லாம் பேசினார். பிறகு சற்று நிறுத்தினார். அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும். “இஃப் ஹி… ஹேட்… பீன் டேக்கன்…” என்றார், ஒவ்வொரு சொல்லாக, தராசில் வைக்கிற மாதிரி. மனிதர் வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு தப்பு இல்லை. நாற்காலியில் இருந்த அக்கா வாயைத் திறந்து, சொல்ல எதுவும் கிடைக்காமல், மூடிக்கொண்டார்.

தங்கை சாதத்திலிருந்து கையை எடுத்தாள்.

“மாமா, மோர்ல உப்பு ஜாஸ்தின்னார் மாமா. அதான் அவர் கடைசியாச் சொன்னது.”

போனில் ஒன்றும் வரவில்லை. துண்டித்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை.

“அப்படியா சொன்னான்” என்றார் மாமா. தமிழில். “எங்காத்துக்கு வந்தாலும் அதையேதான் சொல்லுவான். ரசத்துல உப்பு இல்லை மாமா, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி மாமா. மாமிக்குக் கோபம் வரும். நான், கொழந்தை கேக்கறான், உப்பைக் கொண்டு வாடின்னு…” அதற்கு மேல் அவரால் போக முடியவில்லை. அந்தக் குரல் உடைந்து நான் கேட்டதே கிடையாது. மத்திய சர்க்காரும் கேட்டிருக்காது.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். மேஜைக்குப் போய் ஸ்பீக்கரை அணைத்தார். போனை எடுத்துத் தங்கையின் காதோரம் வைத்து, அவள் இடது கையால் வாங்கிக்கொள்ளும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல், வெளியே இழுத்துக்கொண்டு போனார்.